லண்டன் மரங்களில் பச்சைக்கிளி: எப்படி வந்தது, எப்படிப் பிழைக்கிறது, யாருக்குத் தொல்லை?

கேள்வி இதுதான்: லண்டனுக்குப் படிக்கப் போன ஒருவர், ரிச்மண்ட் பூங்காவில் நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பதைப் பார்த்து வியந்திருக்கிறார். இவை இங்கே எப்படி வந்தன, குளிரை எப்படித் தாங்குகின்றன, உள்ளூர்ப் பறவைகளுக்கு இவற்றால் கெடுதலா என்று கேட்கிறார். கூடவே, சென்னையில் பெரியம்மா வீட்டுக் கூண்டில் இருக்கும் கிளியை இப்படித் திறந்துவிட்டால் அதுவும் பிழைத்துக்கொள்ளுமா என்றும் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது கூண்டுப்பறவை வியாபாரம்தான். அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் எதுவும் சரியாகப் புரியாது.

முதலில் பறவை எது என்று பார்த்துவிடலாம். நாம் பச்சைக்கிளி என்று சொல்வதைப் பறவை பார்ப்பவர்கள் செந்தார்ப் பைங்கிளி என்பார்கள். ஆணின் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் சேர்ந்த வளையம் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே செனகல் முதல் எத்தியோப்பியா வரை ஒரு பட்டையாகவும், இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் பரவலாகவும் இது வாழ்கிறது. இதில் நான்கு உள்ளினங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒன்று, பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம் பக்கம் இருப்பது இன்னொன்று, மற்ற இரண்டும் ஆப்பிரிக்காவில். ஐரோப்பிய நகரங்களில் இருக்கும் கிளிகளின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்தவற்றின் வாரிசுகள் என்று காட்டியது. ஆக, ரிச்மண்டில் பார்த்தது தஞ்சாவூர்க் கிளியின் வடக்கத்திச் சொந்தம். தொலைநோக்கி கையில் இருந்தால் கீழ் அலகைப் பாருங்கள். தெற்கத்திக் கிளிக்கு அது பெரும்பாலும் கருமையாக இருக்கும், வடக்கத்திக் கிளிக்குச் சிவப்பு.

எப்படி வந்தது என்பதற்கு லண்டனில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 1960களில் கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பது ஒன்று. 1951இல் ஐசில்வர்த் ஸ்டுடியோவில் ஆப்பிரிக்கக் காட்டை மையமாக வைத்து நடந்த ஒரு படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்பது இன்னொன்று. விமானத்திலிருந்து ஏதோ பாகம் கழன்று சயன் பார்க்கில் இருந்த பறவைக்கூடத்தின் கூரையை உடைத்தது, 1987 பெரும்புயலில் கூண்டுகள் உடைந்தன என்றும் சொல்வார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கதைகளைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை அருமையானது. தொடர் குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, குற்றவாளி எங்கே குடியிருக்கக்கூடும் என்று போலீஸுக்குச் சொல்ல உருவான கணக்கு அது. அதே கணக்கில் கிளிகள் தென்பட்ட பதிவுகளைப் போட்டுப் பார்த்தபோது, கார்னபி தெருவோ ஐசில்வர்த்தோ சயன் பார்க்கோ மையமாக வரவில்லை. பல காலமாக, பல இடங்களில், பலர் கைகளிலிருந்து சிறிது சிறிதாகத் தப்பியும் விடப்பட்டும் சேர்ந்த கூட்டம் இது என்பதுதான் அந்த முடிவு.

அதே ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி பழைய செய்தித்தாள்கள் பற்றியது. 1929, 1930 வாக்கில் கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் உலகின் பல நாடுகளில் பரவியது. மறுபடி 1952இலும் அதைப் பற்றிப் பெரிய பெரிய தலைப்புகள் வந்தன. வீட்டில் கிளி வைத்திருந்தவர்கள் பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ராக் இசைக்கலைஞரின் கதையைவிட இது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. பயத்தில் பறவையைக் கைவிடுவது மனிதர் எப்போதும் செய்வதுதானே. கொரோனா தொடங்கிய நாட்களில் நாய் பூனைகளைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவர்களை நம் ஊர்களிலும் பார்த்தோம்.

காலவரிசையாகச் சொன்னால், இங்கிலாந்தில் இந்தக் கிளி வெளியே பறந்ததற்கான பதிவு 1855இலேயே நார்ஃபோக்கில் இருக்கிறது. ஆனால் அப்போது வந்தவை நிலைக்கவில்லை. இன்றைய கூட்டத்தின் இனப்பெருக்கம் 1969இல் கென்ட் பகுதியில் பதிவானது. 1983இல் பிரிட்டிஷ் பறவைப் பட்டியலில், தானாகவே நிலைபெற்றுவிட்ட வெளிநாட்டுப் பறவை என்று இடம் கிடைத்தது. 1996 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 1,500 கிளிகள்தான். அப்புறம்தான் வேகம் பிடித்தது. 2012 வாக்கில் மதிப்பீடு 8,600 இணைகள், பின்னால் அது 12,000 இணைகளானது. கூட்டமாகப் பரவும் பல வெளிநாட்டு உயிரினங்களுக்கு இதே போக்குதான்: பல ஆண்டுகள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, தெரியும்போது கைமீறியிருக்கும்.

மற்ற நகரங்களில் ஆரம்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். பிரஸ்ஸல்ஸில் அட்டோமியம் என்ற நினைவுக் கட்டடத்தின் அருகே இருந்த மெலி பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவின் உரிமையாளர், நகரம் கொஞ்சம் நிறமாக இருக்கட்டும் என்று 1974இல் சுமார் 40 கிளிகளைத் திறந்துவிட்டார். இன்று அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாரிஸில் ஓர்லி விமான நிலையத்தில் சரக்காக வந்து தப்பியவை என்று சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாம், கொலோன், டுசல்டார்ஃப், ரோம் எங்கும் இருக்கின்றன. 2015 அளவில் ஐரோப்பாவில் மொத்தம் 85,000க்கும் மேல் என்று கணக்கிட்டார்கள்.

இத்தனை கிளிகள் ஐரோப்பாவுக்கு எதற்காகப் போயின? விற்பதற்கு. 1984க்கும் 2007க்கும் இடையில் ஐரோப்பாவுக்குள் முறையாகக் கணக்கில் வந்த செந்தார்ப் பைங்கிளிகள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கம். பொந்திலிருந்து எடுக்கும்போதும், பெட்டியில் அடைத்துக் கடத்தும்போதும் செத்தவை இந்தக் கணக்கில் வராது. இந்தியா 1990களின் தொடக்கத்தில் காட்டுப் பறவை ஏற்றுமதியைத் தடை செய்தது. பறவைக்காய்ச்சல் அச்சத்தால் 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை நிறுத்தி, 2007இல் அதை நிரந்தரமாக்கியது. ஆனால் அதற்குள் போதுமான கிளிகள் வெளியே வந்துவிட்டன. ஹெண்ட்ரிக்ஸ் கதையைச் சொல்லிச் சிரிப்பதில் எனக்கு வருத்தம் இருப்பது இதனால்தான். பொந்துகளிலிருந்து களவு போன குஞ்சுகளின் கதை அந்தக் கதைக்குள் காணாமல் போகிறது.

சரி, குளிருக்கு வருவோம். கிளி என்றால் வெப்பமண்டலம் என்ற எண்ணத்தால்தான் இது அதிசயமாகத் தோன்றுகிறது. வடக்கத்திக் கிளிகள் இமயமலை அடிவாரம் வரை வாழ்பவை. இஸ்லாமாபாத், சண்டிகர் பக்கம் ஜனவரி இரவுகளில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது சாதாரணம். அந்தப் பழக்கம் அவற்றின் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. 2015 மரபணு ஆய்வும் இதைத்தான் சொன்னது: ஐரோப்பாவில் நிலைத்தவை, பூர்வீகத்திலும் குளிரான பகுதிகளிலிருந்து வந்தவை. இதனோடு, லண்டன் நகருக்குள் இருக்கும் வெப்பம் சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

ஆனாலும் பறவையைக் கொல்வது பெரும்பாலும் குளிரைவிடப் பசிதான். அங்கேதான் நகரம் கைகொடுக்கிறது. பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி தொங்கவிடுவது பெரிய பழக்கம். கம்பிக் குழாயில் நிலக்கடலை, சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை எல்லாம் வருடம் முழுவதும் கிடைக்கும். அலகால் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உடைத்துத் தின்ன வேறு எந்தப் பறவைக்கு இவ்வளவு சாமர்த்தியம்? பூங்காக்களில் ஹார்ஸ் செஸ்நட், ஆப்பிள், செர்ரி, பெர்ரி, மொட்டுகள், பல நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட அலங்கார மரங்கள். ஏதாவது ஒன்று எப்போதும் காய்த்திருக்கும்.

மூன்றாவது தேவை பொந்து. இந்தக் கிளி தானாகப் பெரிதாகக் குடைந்து கூடு கட்டாது. நம் ஊரில் பட்டுப்போன தென்னை, பனை, பழைய புளியமரம், கோபுரத்துச் சந்து என்று கிடைத்ததில் குடியேறும். லண்டனில் பிளேன் மரம், ஓக், ஆஷ் மரங்களில் மரங்கொத்திகள் விட்டுப்போன பொந்துகளை எடுத்து, வாசலை அலகால் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்கிறது. ரிச்மண்ட், புஷி பூங்காக்களில் நூற்றாண்டு கண்ட ஓக் மரங்கள் நிறைய உண்டு, பட்ட கிளைகளை அங்கே வெட்டாமல் விடுகிறார்கள். அந்தப் பூங்காக்களில் கிளி பெருகியதில் ஆச்சரியமே இல்லை. இன்னொன்று: உள்ளூர்ப் பறவைகள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் கூட்டுக்கு அலையும். கிளியோ நம் ஊர் மாதிரியே தை, மாசியில் பொந்து பிடித்துவிடும். முட்டை மூன்று நான்கு, பொரிக்க மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், குஞ்சு பறக்க ஏழு வாரம். மற்றவை வந்து பார்க்கும்போது வீடு காலியில்லை.

இங்கேதான் கெடுதலா என்ற கேள்வி வருகிறது. இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை, ஏனென்றால் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. பெல்ஜியத்தில் நட்ஹேட்ச் என்ற சிறு பறவையை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கிளிகள் குடியிருந்த பொந்துகளை வேண்டுமென்றே அடைத்துவிட்டார்கள். கிளிகள் வேறு பொந்துகளுக்கு நகர்ந்தன, அந்த இடத்தில் நட்ஹேட்ச் எண்ணிக்கை குறைந்தது. ஆக, போட்டி இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் நாடு தழுவிய பறவைக் கணக்கை வைத்து 2011இல் பார்த்தபோது, கிளியால் நட்ஹேட்ச் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. லண்டன் தோட்டங்களில் தீனிக்குப் பக்கத்தில் கூண்டுக் கிளியை வைத்துச் செய்த சோதனையில், சிறு பறவைகள் வருவதும் தின்பதும் குறைந்தன. கிளிகளோடு ஏற்கெனவே பழகிய பகுதிகளில் அந்தத் தயக்கம் குறைவாக இருந்தது.

மிக மோசமான நிகழ்வு ஸ்பெயினின் செவில் நகரத்தில். அங்கே மரியா லூயிசா பூங்காவின் முதிய மரங்களில், ஐரோப்பாவின் மிகப் பெரிய வௌவாலான பெரும் நாக்டுல் வௌவாலின் முக்கியமான காலனி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே அருகிவரும் விலங்கு. கிளிகள் பொந்துக்காக அந்த வௌவால்களைத் தாக்குகின்றன, கடித்துக் கொன்றும் போடுகின்றன. 14 ஆண்டுகளில் கிளிகள் இருபது மடங்கு பெருகின, வௌவால் தங்கிய மரங்கள் 81 சதவீதம் குறைந்தன. ‘அழகான கிளி, இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்பவர்கள் செவிலைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும் என்பது என் கருத்து.

பயிர்த் தொல்லை நமக்குப் புதிதே இல்லை. தினைப்புனத்தில் பரண் போட்டு உட்கார்ந்து, கவண்கல் வீசி, ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய பெண்கள் குறிஞ்சித் திணைப் பாடல்களில் வந்துகொண்டே இருக்கிறார்கள். இன்றும் சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி, கொய்யா போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இங்கிலாந்தில் இதுவரை பழத்தோட்டங்களிலும் சில திராட்சைத் தோட்டங்களிலும்தான் புகார். நகரங்களைத் தாண்டித் தானிய வயல்களுக்குப் போனால் பேச்சே மாறிவிடும்.

அப்படியானால் சுட்டுவிடலாமா? பிரிட்டனில் பொதுவாக எல்லாக் காட்டுப் பறவைகளையும் போல இதுவும் அந்நாட்டின் 1981 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பயிருக்கோ மற்ற உயிர்களுக்கோ கடும் கெடுதல் என்றால் கட்டுப்படுத்த 2010 முதல் அனுமதி உண்டு. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது அகற்றுவது நடக்கக்கூடியது. சீஷெல்ஸ் தீவுகளில் மாஹே தீவில் இதே கிளி பரவி, சீஷெல்ஸில் மட்டுமே உள்ள கருங்கிளிக்கு ஆபத்தாகும் என்று கண்டு, ஐந்நூற்றுச் சொச்சக் கிளிகளை முழுவதுமாக ஒழித்தார்கள். கொலை என்று மனம் பதறினாலும் அங்கே அதுதான் சரியான முடிவு, ஏனென்றால் கருங்கிளிக்கு உலகில் வேறு இடமில்லை. லண்டன் அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. லட்சக்கணக்கான வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே, மக்கள் கையில் ஆப்பிள் வைத்து ஊட்டும் பறவையைத் துப்பாக்கியால் குறைப்பது நடக்காது. கென்சிங்டன் தோட்டத்தில் போய்ப் பாருங்கள், தோளிலும் தலையிலும் வந்து உட்காரும். இனி பொந்துகளைக் கவனிப்பதுதான் வேலை: முதிய மரங்களை விடுவது, சிறு வாசல் வைத்த பெட்டிகளைச் சிறு பறவைகளுக்கு மாட்டுவது. இயற்கையும் கொஞ்சம் கணக்கைச் சரிசெய்கிறது. பொதுமுடக்கக் காலத்தில் லண்டன் தெருக்களில் ஆளில்லாமல் புறாக்கள் குறைந்தபோது, அங்குள்ள பெரிகிரின் வல்லூறுகள் ஸ்டார்லிங்கையும் இந்தக் கிளிகளையும் கூடுதலாக வேட்டையாடின என்று ஆய்வு வந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘வந்தேறிகள், இங்குள்ளவர்களின் இடத்தைப் பிடிக்கின்றன’ என்று இந்தக் கிளிகளைப் பற்றி ஆங்கிலேயர் சிலர் பேசும்போது, அது பறவையைப் பற்றிய பேச்சாகவே முடிவதில்லை. லண்டனின் டூட்டிங்கிலும் விம்பிள்டனிலும் வாழும் தமிழர்களுக்கு இது காதில் விழும். அந்த ஊர்களின் திறந்த வெளிகளில் கிளிகளும் நிறைய. பொந்துக்கான போட்டி உயிரியல் விஷயம், அதை அளந்து பார்க்கலாம். மனிதர் ஊர் மாறுவதற்கு அதை உவமையாக்குவது தவறு. அதே சமயம், அந்தப் பேச்சுக்குப் பதிலடியாகக் கிளிகளால் எந்தக் கெடுதலும் இல்லை என்று சாதிப்பதும் வௌவாலுக்குச் செய்யும் அநியாயம்.

இதை லண்டன் கதையாக மட்டும் நினைக்க வேண்டாம். அர்ஜென்டினா, உருகுவே பக்கத்திலிருந்து வியாபாரத்துக்குப் போன மாங்க் கிளி நியூயார்க், சிகாகோ, பார்சிலோனா, மாட்ரிட் நகரங்களில் காலனி அமைத்திருக்கிறது. கிளி இனத்திலேயே பொந்தை நம்பாமல் குச்சிகளால் பெரிய கூட்டுக்குடியிருப்பு கட்டுவது இது ஒன்றுதான். புரூக்ளினில் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில் கோபுரத்தில் அந்தக் கூடுகளைப் பார்க்கலாம். மின்கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மர் மீதும் கட்டிவிடுவதால் மின்வாரியங்களுக்குத் தலைவலி. சிகாகோவின் குளிர் லண்டனோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் கடுமை. அங்கே இவை பனிக்காலத்தில் கிட்டத்தட்ட முழுக்க வீட்டுத் தீனியை நம்பியே உயிரோடு இருக்கின்றன. சிகாகோ மேயராக இருந்த ஹரோல்ட் வாஷிங்டன் தன் வீட்டெதிரே கூடு கட்டிய கிளிகளை விரும்பிப் பாதுகாத்தார். அவர் 1987இல் இறந்தபின் அரசு அகற்ற வந்தபோது, அந்தப் பகுதி மக்களே தடுத்தார்கள்.

என்னைக் கலங்க வைக்கும் நகரம் லாஸ் ஏஞ்சலிஸ். வடகிழக்கு மெக்சிகோவின் செந்தலை அமேசான் கிளி, பிடித்து விற்கப்பட்டும் காடு அழிந்தும் அருகிப்போன இனம். அதே வியாபாரத்தில் தப்பியவை லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுவட்டாரத்தில் பெருகி, இன்று மெக்சிகோக் காடுகளில் எஞ்சியிருப்பதற்கு இணையாகவோ கூடுதலாகவோ இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சொந்தக் காட்டில் அந்த இனத்தை அருக வைத்த அதே வியாபாரம் வேறொரு நகரத்தில் அதற்கு ஒரு சேமிப்பை உண்டாக்கிவிட்டது. இதை வெளிநாட்டுத் தொல்லை என்று ஒதுக்கவும் முடியாது, வியாபாரத்துக்கு நியாயமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

சென்னையில் இருப்பது இந்தக் கணக்கில் சேராது. அங்கே கிளி பூர்வீகக் குடி. இராயப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் பலகை போட்டு வைத்த ஊறவைத்த அரிசிக்கு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியவை எல்லாம் சொந்த மண்ணின் பறவைகள். அவற்றுக்கு ஆபத்து வேறு வகை: பட்டமரம் என்று வெட்டிவிடுகிறோம், குஞ்சுகளை எடுத்து விற்கிறார்கள். ஜோசியக்காரர் பெட்டியில் இருப்பதும் சந்தையில் விற்பதும் பெரும்பாலும் காட்டுப் பொந்திலிருந்து எடுத்தவைதான். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். கடைகளில் விற்கும் வெளிநாட்டு லவ் பேர்ட்ஸையும் நம் பச்சைக்கிளியையும் சட்டம் தெளிவாகப் பிரித்தே பார்க்கிறது. பலருக்கு இது தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்காது. அன்பாகத்தான் வளர்த்திருப்பார்.

அதனால் அவரைக் குற்றவாளிபோல் பேச வேண்டாம். ஆனால் கூண்டைத் திறந்துவிடவும் வேண்டாம். லண்டனில் பிழைத்தவற்றை மட்டும்தான் நாம் பார்க்கிறோம், அதே காலத்தில் வெளியே வந்து பசியிலும் பூனை வாயிலும் போனவை கணக்கில் இல்லை. சிறகு வெட்டிய கிளியால் ஆபத்து வந்தால் பறந்து தப்பவே முடியாது. பல ஆண்டு கூண்டில் இருந்த கிளிக்குப் பறக்கும் தசை மெலிந்திருக்கும், பருந்தைக் கண்டு ஒளியத் தெரியாது, தானாக இரை தேடத் தெரியாது. சோறும் பிஸ்கட்டும் தின்று பழகியதாக இருந்தால் இன்னும் கஷ்டம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி. தாமாக முன்வந்து கொடுத்துவிடும்படி வனத்துறையே அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. அங்கே சிறகு முளைக்கும்வரை பெரிய கூண்டில் மற்ற கிளிகளோடு வைத்து, பறக்க முடிந்தவற்றைக் காட்டில் விடுவார்கள். போகும்போது கூண்டை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். என்ன தின்று பழகியது, எத்தனை வருடமாக வீட்டில் இருக்கிறது, சிறகு எப்போது வெட்டியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அங்கே பார்த்துக்கொள்பவருக்கு உதவியாக இருக்கும்.